தொடாதண்ணன் கழற்றிய சீல்

அந்தப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்கள் அவரைத் தொடாதண்ணன் என்றுதான் சொல்வார்கள். ஐம்பதை நெருங்கும் மெக்கானிக். மருந்துக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை வைத்திருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதைப் பற்றிக் கேட்டாலும் "ஓடுது இல்ல? அதத் தொடாதீங்க" என்பதே முதல் பதிலாக வரும். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸி காதைக் கிழிக்கிறது என்று மனைவி சொன்னால், அரைக்கிறதே, பிறகென்ன என்பார்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது, தொட வேண்டியதையும் தொடுவார், வேண்டாததையும் தொடுவார். அப்போது ஒரு டாக்சி டிரைவரின் காருக்கு, இன்ஜின் பாகங்களைத் தாளம் தப்பாமல் ஓட்டும் பல் வைத்த ரப்பர் பட்டையான டைமிங் பெல்ட் மாற்றும் வேலை வந்தது. அந்த பெல்ட்டுக்குப் பின்னால், இன்ஜினிலிருந்து தண்டு வெளியே வரும் இடத்தில், ஆயில் சீல் என்ற ரப்பர் வளையம் இருக்கும். ஆயில் வெளியே வராமல் தடுப்பது அதன் வேலை. பெல்ட்டைக் கழற்றினால்தான் சீல் கைக்கு எட்டும் என்பதால், இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். முனை வழுக்கித் தண்டில் ஒரு கீறல் விழுந்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தபோது மெல்லத் தட்டுப்பட்டது. இவ்வளவுதானே, பரவாயில்லை என்று புது சீலைப் பொருத்தி வண்டியை அனுப்பிவிட்டார்.

மூன்று வாரத்தில் அந்தக் கீறல் வழியாக ஆயில் கசிந்து பெல்ட்டை ஊறவைத்தது. ஒரு பாலத்தின் மேல் பெல்ட் பல் உதிர்ந்து இன்ஜின் உள்ளே அடி வாங்கியது. ஒன்றரை மாதம் அந்த டிரைவர் வண்டியில்லாமல் இருந்தார். சீல் மட்டமான சரக்கு என்று ஒர்க்‌ஷாப் முதலாளி கைகழுவினார். அருகில் நின்றிருந்த இவர் வாயைத் திறக்கவில்லை. வருடம் திரும்புவதற்குள் அந்த வேலையை விட்டு வந்து கொட்டகை போட்டுக்கொண்டார். கசியாத சீலை அதன்பின் அவர் தொட்டதே இல்லை.

அந்தக் கொட்டகைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை நர்ஸ் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். வாரம் முழுக்க மூன்று கிளினிக்குகளுக்கு மாறிமாறி ஓடுகிற பெண். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு வந்திருந்தது. மதியத்துக்குள் பெல்ட்டைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்தார் மெக்கானிக். மேல் தண்டில் ஒன்று, கீழ்த் தண்டில் ஒன்று என்று இருந்த இரண்டு சீலும் உலர்ந்திருந்தன, ஒரு துளி கசிவில்லை. ஆனால் விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரியே இல்லை. கால் நகம் போல இறுகிக் கிடந்தன.

அந்த நேரத்தில் மனைவி வந்தார். உதிரிபாகக் கடை கவுண்டரில் வேலை பார்ப்பவர். புது பெல்ட்டோடு, கணவர் கேட்காத இரண்டு புது சீலையும் பையில் கொண்டுவந்திருந்தார். வண்டிக்காகக் காத்திருந்த நர்ஸ் பையை எட்டிப் பார்த்துவிட்டு, இதையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டார்.

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த இறுகிய ரப்பரைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

"இப்ப கசியல சிஸ்டர். அடுத்த பெல்ட் வரைக்கும் தாங்குமான்னா, எனக்கே நம்பிக்கை இல்ல. மாத்தறதுதான் சரி. ஆனா மாத்தறேன்னு நான் கெடுத்துட்டா, சும்மா விட்டதைவிட மோசமாயிடும்."

"நீங்க ஏன் கெடுக்கப் போறீங்க?"

"ஒருதடவை கெடுத்திருக்கேன்" என்றவர், முக்காலியில் உட்கார்ந்து பாலத்தில் நின்றுபோன டாக்சி வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லாதது. சொல்லி முடித்த பிறகுதான் மனைவியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தது உறைத்தது.

மனைவி பையைக் கீழே வைத்தார். பிறகு, "அதுக்காகவா இத்தனை வருஷமா என் மிக்ஸி கத்துது?" என்றார். குரலில் கோபம் இல்லை.

நர்ஸ் சிரிக்காமல் தன் கதையைச் சொன்னார். போன மாதம் ஒரு குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தியிருக்கிறார். அதன் அம்மா கையைத் தட்டிவிட்டாராம். "அடுத்து வந்தவருக்கும் நான்தாண்ணா ஊசி போடணும். கை நடுங்குச்சு. மேசைமேல ஊன்றிக்கிட்டுப் போட்டேன். நீங்க மாத்துங்க. ஏதாவது கீறல் விழுந்தா மட்டும் எங்கிட்ட மறைக்காதீங்க."

அவர் எழுந்து கை கழுவினார். இந்தத் தடவை நெம்பவில்லை. சீலின் முகத்தில் சின்னத் துளை போட்டு, அதில் ஒரு திருகாணியை முடுக்கி, குறடால் பிடித்து நேராக இழுத்தார். முதல் சீல் காய்ந்த பிஸ்கட் போல ஓரம் பொடிந்து வந்தது. கீழே இருந்ததுதான், அன்று டாக்சியில் கீறல் விழுந்த அதே இடம், அவரைப் படுத்தியது. மூன்று தடவை கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, மனைவி துண்டால் ஒற்றிவிட்டார். சீல் கழன்றதும் தண்டின் மேல் நகத்தை ஒரு முழுச் சுற்று ஓட்டினார். பிறகு இன்னொரு சுற்று. எங்கும் தட்டவில்லை.

"ஒண்ணும் இல்ல, நீயும் பாரு" என்று மனைவியின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். சீல்களைக் கவுண்டரில் விற்றே பழகிய அவர், அது உட்காரும் இடத்தைத் தொட்டது அன்றுதான். புது சீல்களை ஒரு குழாய்த் துண்டு வைத்து மெல்லத் தட்டி இறக்கினார்கள். சாயங்காலம் வண்டி கிளம்பியது.

மூன்று வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே பதறினார். இருபத்திரண்டாவது நாள் பொறுக்க முடியாமல் நர்ஸ் அன்றைக்கு இருந்த கிளினிக்குக்கே போய், வாசலில் நின்ற காரின் அடியில் அட்டையை விரித்துப் படுத்துவிட்டார். டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெல்ட் மூடியின் அடிவிளிம்பில் விரலை ஓட்டினார். வெறும் புழுதிதான் ஒட்டியது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

யாரோ மயங்கி விழுந்துவிட்டார் என்று சொல்லக் கேட்டு ஓடிவந்த நர்ஸ், இரண்டு கால்களை மட்டும் பார்த்துவிட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சிரித்துக்கொண்டே எழுந்தபோது, நர்ஸ் விடாமல் உள்ளே அழைத்துப் போய்க் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். அளவைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறியது.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லண்ணா. உங்களுக்குத்தான் இருக்கு. டாக்டரைப் பாக்காம நகரக்கூடாது" என்று சொல்லி ஒரு டோக்கனைக் கையில் திணித்தார். பதினேழாம் நம்பர். சட்டையெல்லாம் புழுதியாக அவர் வரிசையில் போய் உட்கார்ந்தார்.