காய்ச்சல் விட்ட மறுநாள்

ஜலகண்டாபுரத்தில் நானும் என் கணவரும் விசைத்தறி ஓட்டுகிறோம். போன மழைக்காலத்தில் அவருக்கு டெங்கு வந்தது. "இப்போதைக்கு வீட்டுலயே பாத்துக்கலாம். நிறைய தண்ணி குடிக்கணும், தினமும் வந்து ரத்தம் பாக்கணும்" என்ற டாக்டரம்மா, காய்ச்சல் மாத்திரையோடு வைட்டமின் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. "ஏனுங்க, இன்னைக்கும் ரத்தம் குடுக்கப் போகோணுங்களா?" என்றேன்.

"அதான் சத்து மாத்திரை முழுங்கறேனே, போதும் புள்ள" என்றார். ஊசி குத்திக் குத்தி அவர் கை கன்றிப் போயிருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை. மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் கொடுத்தேன்.

மறுநாள் காலை வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டார். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அழுதுகொண்டு நின்ற என்னை டாக்டரம்மா திட்டவில்லை. "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. வைட்டமின் உடம்புக்கு ஒரு துணைதாம்மா, டெங்குவை நிறுத்தாது. காய்ச்சல் விடற சமயத்துலதான் ரொம்பக் கவனமா இருக்கணும். அப்பத்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிஞ்சு ஆபத்தாகும், ரத்தம் பாத்தாத்தான் அது முன்னாடியே தெரியும்" என்றார்.

ஐந்து நாளில் அவர் தேறி வீடு வந்தார். இந்த வருஷம் என் நாத்தனாருக்கு டெங்கு வந்தபோது, காய்ச்சல் விட்ட அன்றே நானே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன்.

"நல்லாத்தானே இருக்கறேன் அண்ணி" என்று சிணுங்கினாள்.

"அதை டாக்டரம்மா சொல்லட்டும், வண்டியில ஏறு" என்றேன்.