கவிழ்த்து வைத்த கார்டுக்கு நான்கு விதிகள்

எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. அதை எதற்காகக் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாலை ஐந்து மணிக்கு மேல் அதில் பிள்ளைகள் படக் கார்டுகளை மோதவிட்டு ஆடுவார்கள். நாங்கள் நாமக்கல்லிலிருந்து நசரத்பேட்டைக்குக் குடிவந்து எட்டு மாதம் வரை, நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் அந்த மேடையிலிருந்து நான்கடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள். பழைய தோழிகளைப் பற்றி அவள் பேசிக்கொண்டிருந்தபோது கவலைப்பட்டேன். பேசுவதை நிறுத்தியதும் இன்னும் அதிகமாகக் கவலைப்பட்டேன்.

மேடையை ஆள்பவள் பின்தெருப் பெண், ஆறாம் வகுப்பு. இந்தக் குடியிருப்பு நிற்கும் நிலத்தில் அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் கத்தரி போட்டிருந்ததாம். அந்த உரிமையில் காவலாளியிடம் சொல்லாமலே உள்ளே வருவாள். ஒருநாள் அவளாகவே என் மகளைக் கூப்பிட்டாள்.

“இன்னா, டெய்லி வந்து நின்னுகினு கீற? ஒரு கட்டு வாங்கிகினு வா, சேத்துக்கிறேன்.”

அன்று மாலையே குமணன்சாவடிக் கடைக்குப் போய் நாற்பது கார்டு கொண்ட கட்டும், அவற்றைச் சொருகிவைக்கக் கறுப்பு முதுகுள்ள பிளாஸ்டிக் உறைகளும் வாங்கினோம். உறை போட்டுவிட்டால் பின்பக்கத்திலிருந்து எல்லாக் கார்டும் ஒன்றுபோலவே இருக்கும். இது பின்னால் முக்கியமாகிறது.

ஆட்டத்தில் பெரும்பாலான கார்டுகளைத் திறந்து வைத்துத்தான் ஆட வேண்டும். பொறிக் கார்டு என்ற ஒரு வகையை மட்டும் கவிழ்த்து வைக்கலாம். எதிராளி தாக்க வரும்போது அதைத் திருப்பினால் அவருக்கு ஏதாவது கெடுதல் நடக்கும். இதில்தான் தினமும் சண்டை. கவிழ்த்ததை எப்போது திருப்பலாம், யார் தொடலாம் என்று ஆளுக்கொரு சட்டம் பேசினார்கள். பெற்றோர் வாட்ஸாப் குழுவில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்ததும், விதிகளைத் தமிழில் எழுதித் தருவதாக நானே முன்வந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பி.எட். படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி அவ்வப்போது வரும்.

கட்டோடு வந்த ஆங்கிலத் தாளை மூன்று முறை படித்து நான்கு விதிகள் எழுதினேன். கவிழ்த்த கார்டை அதே சுற்றில் திருப்பக் கூடாது. வைத்தவர்தான் திருப்ப வேண்டும், மற்றவர் தொடக் கூடாது. பொறிக் கார்டைத் தவிர வேறெதையும் கவிழ்க்கக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் திருப்பாமல் மீந்த கார்டுகளை எல்லோருக்கும் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விதி ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் யார் எதைக் கவிழ்த்தார்கள் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு நான்தான் வற்புறுத்தினேன். அடியில், பின்தெருப் பெண் சொல்லச் சொல்ல ஒரு தண்டனையும் சேர்த்தேன்: கட்டில் வேறு கார்டு கலந்தால் ஒரு வாரம் மேடைப் பக்கம் வரக் கூடாது. பூந்தமல்லியில் லேமினேஷன் போட்டு ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஒட்டினேன்.

“ஸ்கூல் நோட்டீஸ் மாரி கீது ஆன்ட்டி,” என்றாள் அவள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமைதான் என் மகளின் கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முன்பே பார்த்திருக்க வேண்டும். அதில் ஒரு பொறிக் கார்டு. வாய் தைக்கப்பட்ட ஒரு பெண் ஈரத் தலைமுடியோடு கிணற்றிலிருந்து பாதி எழுந்து வருகிறாள். தாக்க வருபவரை உள்ளே இழுத்துக்கொள்வாளாம். ஒன்பது வயதுக் குழந்தை தினமும் இந்த முகத்தைப் பார்ப்பதா?

“அவ நல்லாத்தான் தூங்குறா,” என்றார் கணவர், காலைக் காபியின்போது. “நீதான் அந்தக் கார்டைக் குப்புறப் போட்டுட்டுப் பேசுற.”

பேசிப் புரியவைக்கலாம். ஆனால் பேசினால் பயம் அதிகமாகும் என்று ஒரு கட்டுரையிலும், பேசாவிட்டால் அதிகமாகும் என்று இன்னொன்றிலும் படித்திருந்தேன். ஆகவே பேசாமல் கார்டை எடுத்து ஆதார் நகல்கள் இருக்கும் கோப்பில் ஒளித்தேன். எண்ணிக்கை நாற்பது இருக்க வேண்டும், காலி உறை மடங்கிக் காட்டிக்கொடுக்கும். கைக்குக் கிடைத்த பல் மருத்துவமனையின் அடுத்த வருகைச் சீட்டை அதில் சொருகினேன். இரண்டு நாளில் சாதுவான ஒரு கார்டு வாங்கி மாற்றிவிடுவதாகத்தான் திட்டம். கடையில் மூன்று பாக்கெட் வாங்கினேன். உள்ளே என்ன இருக்கும் என்று வாங்கும்போது தெரியாது. பிரித்தால் மண்டை ஓடு, இரண்டு தலைப் பாம்பு, தன் கண்ணைத் தானே கையில் வைத்திருக்கும் ஒருவன். கிணற்றுக்காரி குடும்பப்பெண்ணாகத் தெரிய ஆரம்பித்தாள்.

அப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது. என் மகளுக்கு எதிரே பின்தெருப் பெண். சுற்றி ஆறேழு பிள்ளைகள். நான் பக்கத்துக் கொடியில் துணி எடுக்க வந்தவள்போல வாளியோடு நின்றேன். அந்தப் பல் மருத்துவச் சீட்டு மட்டும் கட்டின் அடியிலேயே கிடந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றில் என் மகள் ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“கெணத்துக்காரிய வெச்சிகிற, தெரியும்டி,” என்றாள் பின்தெருப் பெண். “நான் வருவேனா?”

என் மகள் கையிலிருந்த மற்ற கார்டுகளை வரிசைப்படுத்தினாள். பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறேன். அவள் சொல்லவும் இல்லை. எதிராளி தாக்கப் பயந்து பயந்து சுற்றுகளைக் கடத்தினாள். என் மகள் ஜெயித்துவிட்டாள். எட்டு மாதம் நான்கடி தள்ளி நின்றவள் அந்த மேடையில் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முழுதாக வருவதற்குள் எதிரே இருந்தவள் சுவரைக் காட்டினாள்.

“சரி, காட்டு. நாலாவது ரூல்ஸ்.”

என் மகள் அசையவில்லை. பக்கத்திலிருந்த ஒரு வாண்டு பொறுக்க முடியாமல் திருப்பிவிட்டது. சிரிக்கும் ஒரு பல். கீழே, அடுத்த வருகை வியாழன் மாலை ஆறு மணி, பல் துலக்கிவிட்டு வரவும். வியாழன் முந்தாநாள் போயிருந்தது. அந்தக் கவலையும் அந்த நேரத்தில் எனக்கு வந்தது.

“டேய், பல்லு டாக்டரு கார்டுடா!” என்று கூட்டம் உருண்டது. பின்தெருப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

“இதுக்கா நான் பயந்துகினு இருந்தேன்? ஒரு வாரம் வெளிய போ.”

“நான் சொருகலை,” என்றாள் என் மகள்.

“பின்ன யாரு?”

“அவங்கதான் சொல்லணும்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தவறுதலாகக் கலந்திருக்கலாம் என்ற வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது, இலக்கணப் பிழை இல்லாமல். ஒரு வாரத்தில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். மறுபடி எட்டு மாதம் ஆகலாம்.

“நான்தான் வெச்சேன்,” என்றேன்.

“இன்னா ஆன்ட்டி! ரூல்ஸ் எய்தி ஒட்டினதும் நீ, கள்ளாட்டம் ஆடினதும் நீயா?”

“அந்தக் கிணத்துப் படம் பயமா இருந்துச்சு.”

“யாருக்கு?”

“பாப்பாவுக்கு...”

“எனக்கு இல்லை,” என்றாள் பாப்பா.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆட்டம் செல்லாது, நாளைக்கு மறுபடி. கிணற்றுக்காரியை உடனே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். “நீ ஒரு வாரம் மேட பக்கமே வரக் கூடாது ஆன்ட்டி. துணி எடுக்கவும்தான்.”

லிஃப்டில் மகளிடம் கேட்டேன், எப்போது தெரியும் என்று.

“செவ்வாய்க்கிழமை.”

“ஏன் கேக்கலை?”

“நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்.”

“அப்புறம் அதை ஏன் கவிழ்த்து வெச்ச?”

“கையில அதுதாம்மா வந்துச்சு.”

தண்டனையை ஒழுங்காக அனுபவித்தேன். துணியைக் கணவர் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டாம் மாடிப் பால்கனியில் நின்று பார்த்தேன். என் மகள் மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு கார்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தாள். அங்கிருந்து கறுப்பு முதுகு மட்டும்தான் தெரிந்தது. கிணற்றுக்காரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போய், மூன்று பாக்கெட்டிலும் வந்த கார்டுகளை வைத்த இடத்தில் எதற்கும் ஒருமுறை பார்த்தேன். இரண்டு தலைப் பாம்பைக் காணவில்லை.