அக்கா ருசி பார்த்த மார்க்கெட்

ரொம்ப நாளாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... அக்காவுக்கு ஆபரேஷன். நாக்கில் புற்று.

அக்கா பல்லடத்தில் இருக்கிறாள். வாயில் ஆறாத புண். உடம்புச் சூடு என்றாள். பல் குத்துகிறது என்றாள். மணத்தக்காளிக் கீரையாகத் தின்று தீர்த்தாள். கோயம்புத்தூருக்கு அழைத்து வந்து காட்டியபோது நோய் முற்றியிருந்தது. டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"நாக்குல முக்கால்வாசி எடுத்தாகணும்மா. பேச்சு தெளிவா வராது. ருசி தெரியாது. ஆனா அப்படியே விட்டா உயிருக்கே ஆபத்து."

அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

"எப்பங்க அட்மிட் ஆகோணும்?"

"திங்கட்கிழமை வந்துருங்க."

அதுவரை சிங்காநல்லூரில் என் வீட்டில்தான் இருந்தாள். சனிக்கிழமை காலை. ஆறவைத்த காப்பியைச் சொட்டுச் சொட்டாக விழுங்கிக்கொண்டிருந்தவள், "தம்பி, டவுன்ஹால் பக்கம் மார்க்கெட்டுக்குப் போலாமா?" என்றாள். நாக்கு புரளாததால் வார்த்தைகள் குழறின. பழகியவர்களுக்குப் புரியும்.

"என்னக்கா வாங்கோணும்?"

"ஒண்ணும் வாங்க வேண்டாம். ஊட்டுல எதைச் செஞ்சாலும் அது ஒண்ணைத்தான் திங்க முடியும். அங்க போனா எல்லாத்துலயும் துளித் துளி பாத்துப்போடலாம்."

கிளம்பினோம். கையில் ஒரு பைகூட இல்லை.

பெரிய கடைவீதியை ஒட்டிய அந்தப் பழைய மார்க்கெட் சந்துகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். காசு கொடுக்காமலே பாதி வயிறு நிறையும். திராட்சைக்காரர் ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பார். வெல்லக் கடையில் ஒரு துண்டை உடைத்து நீட்டுவார்கள். நாக்கில் பட்டால் பர்ஸ் திறக்கும் — வியாபாரிகளின் நம்பிக்கை அது. பெரும்பாலும் பொய்ப்பதும் இல்லை.

அக்கா திராட்சையைத் தோல் உரித்து வாய்க்குள் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் மூட்டை தூக்கி வந்தவர் "வழி வுடுங்க" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் நகர்ந்தாள். வெல்லத்தை நல்ல பக்கத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. இது என்ன மாதிரி ஷாப்பிங்? நான் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

பலாப்பழம் விற்ற அம்மா, "வாங்கம்மணி, தின்னு பாருங்க" என்று ஒரு சுளையை நீட்டினார். அக்கா நார் நாராகக் கிழித்துச் சாப்பிட்டாள். "இன்னொண்ணு குடுங்க" என்றாள். அதையும் கொடுத்தார். அக்கா தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

"ஏனுங்க, ரெண்டு சொளை தின்னுபோட்டு சும்மா போறீங்களே. எனக்குக் கட்டுபடி ஆவுமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பர்ஸை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாம். வாங்கிட்டுப் போனா ஃப்ரிட்ஜுல கெடந்து என்னையே பாக்கும்."

"விசயத்தையாவது சொல்லிட்டு வாரேன்க்கா."

"சொல்லாத. சொன்னா பாவம் பாத்துக் குடுப்பாங்க. அது ருசிக்காது."

அந்த அம்மா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அக்கா நிமிர்ந்து நடந்தாள். கல்யாண வீட்டில் மொய் வைக்காமல் போக மாட்டாள். அவளுக்கு அன்றைக்கு ஓசியில் தின்றவள் என்று பெயர்.

அடுத்தது மிளகாய்த்தூள் தூவிய மாங்காய். தடுத்தேன். கேட்கவில்லை. சாறு புண்ணில் பட்டதும் முகம் சுருங்கி, முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். முதுகு குலுங்கியது.

எதிரே ஒரு பேரீச்சம்பழக் கடை. அங்கிருந்த பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"வாய்ப்புண்ணுங்களாம்மா?"

அக்கா தலையசைத்தாள்.

அவர் ஒரு பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, ஸ்பூனால் மசித்துப் பேப்பரில் வைத்து நீட்டினார். "இது எரியாதுங்கம்மா. மெதுவாச் சாப்பிடுங்க."

அக்கா வெகு நேரம் அதை விழுங்காமல் வைத்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தபடியே இருந்தது. மாங்காய் எரிச்சல் என்று அவர் நினைத்திருப்பார்.

"எப்படிங்கம்மா இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"புண்ணு ஆறட்டும். அடுத்த வாட்டி வாரப்ப வாங்கிக்குங்க."

"சரிங்க" என்றாள் அக்கா.

திரும்பும்போது காரில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். வாயில் மிச்சம் இருந்ததைக் கழுவிக்கொள்ள மனமில்லை போலிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். நன்றாக என்றால்... ஆள் இருக்கிறாள். வாரக்கணக்கில் மூக்கு வழியாக ட்யூப். இப்போது அது இல்லை. கஞ்சியும் பாலும் இறங்குகின்றன. கேட்டால், எல்லாம் ஒன்றுதான் என்று கையை விரிக்கிறாள். பேச்சு எனக்கும் புரிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பல்லடம் போயிருந்தேன். அக்கா அடுப்படியில் நின்றாள். யார் தடுத்தும் கேட்காமல் அன்றைக்குத்தான் மறுபடி சமைக்கத் தொடங்கியிருக்கிறாள் என்றார் மாமா. ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, என் உள்ளங்கையில் விட்டாள். உப்பு சரியா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டாள்.

நாக்கில் வைக்க முடியவில்லை. அப்படிக் கரித்தது.

"சரியா இருக்குதுக்கா" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ரசத்தில் ஊற்றினாள்.