பாரத்துக்கு ஒரு அரிசி மூட்டை

முழங்கால் மூட்டை மாற்றிய பிறகு இரண்டு சில்லு மோட்டார் சைக்கிளைத் தாங்கிப்பிடிக்க என் கணவரால் முடியவில்லை. மனிதர் விட்டாரா? இடப்பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிற பெட்டி, அதுதான் சைட்கார், பூட்டிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனால், ஐயர் சில்லுகளுக்குக் கீழே வைத்து நசுக்க மூன்று எலுமிச்சைத் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாவதை எந்தப் பக்கத்தால் போய் வைப்பது என்று சுற்றிச்சுற்றி வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெட்டி வெறுமையாக இருந்தால் இடப்பக்கத் திருப்பத்தில் நிலத்தை விட்டுக் கிளம்பிவிடுமாம். அதனால் பாரத்துக்குப் புழுங்கல் அரிசி மூட்டை ஒன்றை அதற்குள் இருத்தி, எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள வெஸ்ட்கேட் தெருக்களில் ஓடிப் பழகினார்.

"மூட்டை ஒரு குறையும் சொல்லேல்லை," என்று, ஏறப் பயந்து நின்ற எனக்குக் குத்திக்காட்டினார்.

நானும் விடவில்லை. "ஒருக்கா வாறன். பயந்தனெண்டால் வித்துப்போடோணும், ஓமோ?"

"ஓம்," என்றார். அந்த ஓமைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இளவயதிலிருந்து அவருக்கிருந்த ஒரே பைத்தியம் மோட்டார் சைக்கிள்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை புறப்பட்டோம். ஓக்லாந்துக்குத் தெற்கே மேடுகளைத் தாண்டி ஹவுராக்கி சமவெளியில் இறங்கியபிறகுதான் காற்று என்றால் என்னவென்று விளங்கியது. மறிக்க ஒரு மரமில்லை. புல், வாய்க்கால், மறுபடி புல். மாடுகளெல்லாம் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. அந்தப் புத்தி எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

இடப்பக்கம் திரும்பும்போது என் பெட்டி நிலத்தை விட்டு எழும்பியது. "ஐயோ முருகா!" என்று கத்திக்கொண்டு அவருடைய இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். இன்னும் எழும்பியது. எப்படியோ வேகத்தைக் குறைத்துப் புல்லோரம் நிறுத்தினார்.

ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் இரத்தமில்லை.

"சரி. விக்கிறன்," என்றார்.

சண்டை பிடிக்காமல் சொன்னதுதான் என்னைச் சுட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"அரிசி மூட்டையோடை எழும்பேல்லைத்தானே? என்னோடை மட்டும் ஏன் எழும்பினது?"

"மூட்டை என்னைக் கட்டிப்பிடிக்கேல்லையப்பா."

அந்தத் திருப்பத்தில் பெட்டியில் இருப்பவர் வெளிப்பக்கம் சாயவேண்டுமாம். ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்தால் பெட்டியில் பாரம் குறைந்து கிளம்பிவிடுமாம்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் ஏறியிருப்பீரோ?"

அதுவும் உண்மைதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து சைக்கிளில் பின்னால் இருந்து அவரைப் பிடித்தே பழகிய கை இது. விழப்போனால் புருஷனை விட்டுவிடு என்று எந்தத் தாய் சொல்லிக்கொடுத்தாள்?

"எடுங்கோ சைக்கிளை," என்றேன்.

அடுத்த இடப்பக்கத் திருப்பம் வந்தது. கை தானாகவே அவரிடம் போனது. அதை இழுத்தெடுத்துப் பெட்டிக் கம்பியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்தேன். தோளுக்குக் கீழே புல் ஓடியது. பெட்டியின் சில்லு நிலத்திலேயே உருண்டது.

வீடு வரும்வரை விற்கிற கதையை இருவரும் எடுக்கவில்லை. வந்ததும் கராஜில் கிடந்த அரிசி மூட்டையைப் பிரித்து, அளந்து உலையில் போட்டேன். பின்னால் வந்தவர் பதறிப்போனார்.

"என்னப்பா செய்யிறீர்? நான் தனியாப் போகேக்கை பாரத்துக்கு என்ன வைக்கிறது?"

"தனியாப் போகவேண்டாம்," என்றேன்.