பலகையோடு வந்த மச்சான்

இன்று காலை எங்கள் கெலுகோர் வீட்டுக்கு வாட்டர் ஹீட்டர் மாற்ற ஒரு பெண் எலக்ட்ரீஷியன் வந்தார். மெயின் பெட்டியில் கரண்டை அடைத்தார், அதற்கு ஒரு சிவப்புப் பூட்டுப் போட்டார், சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்புறம் மீட்டரை வைத்து ஒரே ஒயரை மூன்று தடவை பார்த்தார். நானும் ஒரு காலத்தில் ஒயர்மேன்தானே, சும்மா இருக்க முடியுமா? எட்டிப் பார்த்தேன். “அங்கிள், கிட்ட வராதீங்க லா. முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்,” என்றார். என் வீட்டில் என்னையே ஓரமாக நிற்க வைத்துவிட்டார்.

அவர் காலடியில் ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பு விரித்திருந்தார். அந்தப் புது ரப்பர் வாசனைதான் என்னைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. என் மச்சான் சேகரின் பலகையில் இந்த வாசனை அடிக்கும்.

சேகர் என் தங்கையைக் கட்டியவன். ஜார்ஜ் டவுனில் ஒரு சின்ன ஒயரிங் கடையில் இருவரும் ஜோடியாக வேலை பார்த்தோம். அவன் ஆரஞ்சுப் பெட்டிப் பலகை ஒன்றை அறுத்து, அடியில் நாலு மூலையிலும் சைக்கிள் டயர்த் துண்டை ஒட்டி வைத்திருந்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் அதைக் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்றுதான் ஒயரைத் தொடுவான். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் அவன் வீடு. தினமும் ஃபெரியில் பலகையும் கையுமாக வருவான். “ஃபெரியில உக்கார எடம் கெடைக்காதுன்னு வீட்டுலேருந்தே கொண்டாறியா?” என்று ஒருநாள் கேட்டேன். அந்தக் கேள்வி கடையில் பல வருஷம் ஓடியது.

நான் அப்படி இல்லை. நான் சூரன். விரலின் பின்பக்கத்தால் ஒயரை லேசாகத் தட்டி, கரண்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். சுருக்கென்றால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. இதை ஒரு வித்தை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். இன்று வந்த அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால் சிவப்புப் பூட்டை எனக்கே போட்டிருப்பார். சேகர் மட்டும் சொல்வான், “மச்சான், கரண்டுக்கு நீ சீனியர்னு தெரியாது.” சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில், ஈரக் காலோடு தண்ணீர் மோட்டாரைத் தொட்ட ஓர் ஆள் விழுந்ததைச் சின்ன வயதில் அவன் நேரில் பார்த்திருக்கிறான். விழுந்தவர் எழவில்லை. அந்தப் பயத்தைத்தான் நாங்கள் கேலி செய்துகொண்டிருந்தோம்.

ஒரு வருஷம் தைப்பூசத்துக்கு முதல் நாள், ஒரு சின்னக் கோவிலில் விளக்குச் சரம் எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். வேலைக்கு எப்போதும் ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொள்வேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஆனால் கோவிலுக்குள் சிலிப்பரோடு போகிற தமிழன் உண்டா? பக்தியோடு வாசலில் கழற்றி வைத்தேன். தரையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்கள்.

சேகரும் சிலிப்பரைக் கழற்றினான், ஆனால் பலகையை விடவில்லை. கையில் ஏந்தி அவன் உள்ளே வந்ததைப் பார்த்த ஓர் அம்மா, சாமிக்கு மணை என்று நினைத்து, அவன் கீழே வைத்ததும் அதற்கு ஒரு பொட்டு வைத்துவிட்டார். சேகர் நெளிந்துகொண்டே அதன்மேல் ஏறினான். நான் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லா லைனும் அடைச்சாச்சா?” என்றான் சேகர்.

எங்கள் கடை வழக்கம், மெயின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது. நான் பையைத் தட்டிக் காட்டினேன். “ஃபியூஸ் இங்க இருக்கு. அப்புறம் என்னா, வானத்துலேருந்தா கரண்டு வரப்போவுது?”

வானத்திலிருந்து வரவில்லை, பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடையிலிருந்து வந்தது. திருவிழாவுக்குப் பந்தல் ஒருவர் உபயம், பூ ஒருவர் உபயம் என்கிற மாதிரி, விளக்குச் சரத்துக்குக் கரண்டு அந்தக் கடை பாயின் உபயம். ஜன்னல் வழியாக ஒயர் விட்டிருந்தார். வாசலில் அதைப் பலகையில் எழுதியே வைத்திருந்தார்கள். நானும் படித்தேன், நல்ல மனுஷன் என்று மெச்சவும் செய்தேன். அதோடு விட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை.

சரத்தை வெட்டி, செம்புக் கம்பியைச் சீவிப் பிடித்திருந்தேன். கடைக்குள் இருந்த பாய், சாமி விளக்கு அணைந்து கிடக்கிறதே, சுவிட்சு விழுந்துவிட்டது போல என்று நல்லெண்ணத்தோடு தட்டிவிட்டார்.

கை மூடிக்கொண்டது. திறக்க வரவில்லை. கத்த நினைத்தேன், சத்தமும் வரவில்லை. என் பெண்டாட்டி முகம் வந்தது, செத்தேன் என்று தெரிந்தது. ஐயரும் இரண்டு பேரும் என்னைப் பிடித்து இழுக்க ஓடி வந்தார்கள். “தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று சேகர் அலறியது மட்டும் காதில் விழுந்தது. அடுத்து முழங்கையில் ஒரு அடி. பலகையால்தான். கம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போய் விழுந்தோம். யாரோ ஓடிப்போய்க் கடையில் சுவிட்சை அடைத்தார்கள். பாய் வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

உள்ளங்கைக் காயம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அதற்குள் நான் கதை கட்டிவிட்டேன். “மாப்பிள்ளை சீர் பத்தலையாம், பலகையால அடிச்சிட்டாரு!” என்று கல்யாண வீடுகளில் சொல்வேன். பொட்டு வைத்த பலகை, நெளிந்த சேகர், எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். பந்தியே சிரிக்கும், என் தங்கையும் சிரிப்பாள். சேகரும் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரிப்பான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். தான் ஏறி நின்றுகொண்டிருக்கிற பலகையால் இன்னொருவனை அடிக்க முடியாது. அவன் அதைவிட்டு இறங்கினான். வெறுங்காலோடு, அந்த ஈரத் தரையில். தோட்டத்து ஆள் விழுந்ததைப் பார்த்தவன் இறங்கினான். அதைச் சொன்னால் கதையில் சிரிப்புப் போய்விடும், என் சூரத்தனமும் போய்விடும். அதனால் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோட்டல். கோவிலுக்கு ஜன்னல் வழியாகக் கரண்டு கொடுக்கிறவர்களும் இல்லை, அது நல்லதுதான். சேகர் போன வருஷம் சர்க்கரை வியாதியில் போய்விட்டான். பதினாறாம் நாள் எல்லாரும் கிளம்பிய பிறகு, தங்கையிடம் முதன்முதலாக முழுசாகச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“அவரு இருக்கும்போது, எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாம்லண்ணே,” என்றாள்.

சொல்லியிருக்கலாம். பந்தியில் சிரித்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு என் மச்சான் இன்னும் பலகையைவிட்டு இறங்காதவன்தான்.