பத்து எழுத்துக்கு மேல போன பேரு

மங்கையர்க்கரசி போயிட்டா.

முந்தாநேத்து காலைல. புதுப்பட்டினத்துல இருந்து ஸ்கூட்டில ஆபீஸ் வந்துகினு இருந்தவள, திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு லாரிக்காரன் அடிச்சிட்டான். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு கொண்டாறதுக்குள்ள முடிஞ்சி போச்சி.

லாரிக்காரன் மேல கோவம் இருக்கு. ஆனா நான் இப்போ எழுத வந்த கோவம் வேற.

தெரியாதவங்களுக்கு... அவ ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு. மாமல்லபுரம் பக்கம் இருக்கற ரிசார்ட்டுங்களுக்கு வெப்சைட் பண்றது தான் எங்க வேல.

பேஜ துண்டு துண்டா பிரிச்சி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கிளாஸா எழுதி வெப்போம். மெனு ஒரு கிளாஸ், ரூம் போட்டோ ஒரு கிளாஸ், ஆளோட போட்டோவும் பேரும் வர்ற கார்டு ஒரு கிளாஸ். ஒருவாட்டி எழுதினா போதும், எந்த சைட்ல வேணா மாட்டிக்கலாம்.

வெப்சைட் கட்ட ரெடிமேடா கெடைக்கற பெரிய ஃப்ரேம்வொர்க் எதையும் அவ தொடவே மாட்டா, பேஜ் தொறக்க லேட்டாவும்னு. தம்மாத்துண்டு ஒண்ண வெச்சிகினு தான் எல்லாம் செய்வா.

"ஈசிஆர்ல பாதி எடத்துல சிக்னலே கெடையாது. பீச்சுல நின்னுகினு ரூம் தேடறவன் போன்ல டக்குனு தொறக்கணும். உங்க பந்தாவ வெச்சிகினு அவன் இன்னா பண்ணுவான்?"னு கேட்டா. மீட்டிங்ல. எங்க டீம் லீடு மூஞ்சிக்கு நேரா.

வாய்... அப்பா, அந்த வாய்.

சேந்த முதல் வாரமே லீடு அவள "மேங்கோ"ன்னு கூப்ட்டான். பேரு ரொம்ப நீளமாம், வாய்ல நுழையலியாம்.

"நான் இன்னா ஜூஸ் கடையா சார்? மங்கையர்க்கரசி. வரலன்னா தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லுங்க"ன்னா. ஃப்ளோரே சிரிச்சிது. அவன் மட்டும் சிரிக்கல.

அந்த பேரு கார்டு கிளாஸ எழுதினது அதே லீடு தான். பேரு பத்து எழுத்த தாண்டினா வெட்டிட்டு மூணு புள்ளி வெச்சிடும். இங்கிலீஷ்ல பரவால்ல. தமிழ்ல போட்டா புள்ளி, கொம்பு, சுழி எல்லாத்தையும் தனித்தனி எழுத்தா எண்ணிக்கும்.

ஸ்டாஃப் கார்டு, கெஸ்ட் கார்டுன்னு மத்ததெல்லாம் அதுல இருந்து பொறந்தது. ஆத்தா கிளாஸ்ல கோளாறுன்னா புள்ளைங்க அத்தனைக்கும் அதே கோளாறு தான்.

ஒரு ரிசார்ட்டோட தமிழ் பேஜ்ல சமையல் மாஸ்டர் ஆரோக்கியசாமி அண்ணன் போட்டோ. கீழ பேரு...

"ஆரோக்கியசா..."

சிரிச்சி சிரிச்சி எங்க ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி. "சாப்புட வர்றவன் இத படிச்சா எந்திரிச்சி ஓடிடுவான் மச்சான்"னா. அப்புறம் பொசுக்குனு சிரிப்ப நிறுத்திட்டா.

"எங்க தாத்தா பேரு முனுசாமி. நெலத்துக்காரன் வூட்ல முனியான்னு தான் கூப்புடுவாங்க. பொடிசுங்க கூட. கூலியாளு பேர்ல சாமின்னு சொல்ல அவனுங்களுக்கு வாய் வராது. அதுக்கு தான் எங்க நைனா எனக்கு இம்மாம் நீளமா வெச்சாரு, யாரும் வெட்டாம கூப்புடட்டும்னு. இங்க பாரு... இங்கயும் சாமிய தான் வெட்டறானுங்க."

அன்னைக்கே உக்காந்து சரி பண்ணிட்டா. பேரு நீளமா இருந்தா வெட்டாம அடுத்த வரிக்கு எறக்கி வுட்ற மாதிரி.

ஆனா ஆத்தா கிளாஸ்ல கை வெக்கணும்னா லீடு ஓகே சொல்லணும். சொல்லல. "தமிழ் பேஜ யாரு பாக்கறா? அப்புறம் பாத்துக்கலாம்"னு திருப்பி அனுப்பிட்டான். மறுபடியும் அனுப்பினா. மறுபடியும் அதே பதில். கடைசில நேர்ல போய் சண்டையே போட்டா. "நீ ஏன் இத பர்சனலா எடுத்துக்கற?"ன்னு கேட்டான்.

பேரு பர்சனல் இல்லாம வேற எதுயா பர்சனல்?

நேத்து அடக்கம். கம்பெனி சார்பா ஒரு ஃப்ளெக்ஸ் வந்துச்சி. ஹெச்ஆர்ல அவசரத்துக்கு எங்க கார்டுலயே அவ போட்டோவையும் பேரையும் போட்டு, அப்படியே பிரிண்டுக்கு குடுத்துட்டாங்க. யாரும் படிச்சி கூட பாக்கல. கொண்டாந்து பந்தக்கால்ல கட்டினாங்க.

"கண்ணீர் அஞ்சலி. மங்கையர்க்..."

அய்யோ.

என் பக்கத்துல நின்ன லீடு மெதுவா "சிஸ்டம் இஷ்யூ"ன்னான். சாவு வூட்ல நின்னுகினு சிஸ்டம் இஷ்யூவாம்! எந்த சிஸ்டம்யா? நீ தான்யா அந்த சிஸ்டம்! சத்தமா தான் சொன்னேன், எல்லாரும் திரும்பி பாத்தாங்க. வேல போனா மயிரே போச்சி.

அவங்க நைனா ஷேர் ஆட்டோ ஓட்றவரு. சேர்ல இருந்து எந்திரிச்சி வந்து ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னாரு. வெரல வெச்சி எழுத்து எழுத்தா படிச்சாரு. புள்ளி வந்த எடத்துல வெரல் நின்னுச்சி. அதுக்கு அப்பால ஓரம் வரைக்கும் வெறும் வெள்ள. அத கையால தடவி பாத்தாரு.

அப்புறம் என்ன பாத்து கேட்டாரு.

"இவ்ளோ எடம் கீதே தம்பி... ஏன் நிறுத்திட்டாங்க?"



இன்னைக்கு காலைல, அவ சரி பண்ணி எழுதி வெச்சிருந்தத யாரையும் கேக்காம நானே ஆத்தா கிளாஸ்ல சேத்துட்டேன். லீடு போன் மேல போன் பண்ணிகினு இருக்கான். பண்ணட்டும்.

ரிசார்ட் பேஜ தொறந்து பாத்தேன். ஆரோக்கியசாமின்னு முழுசா வருது.

போய் வா, மங்கையர்க்கரசி.