தங்கையின் காகங்களுக்கு நான் எழுதிய அறிவித்தல்

மூன்று வருடங்களுக்கு முன்னர், தெருவோரப் பனி கறுத்து உருகத் தொடங்கியிருந்த ஒரு ஏப்ரல் மாதத்தில், கனடாவின் மொன்றியலில் நடந்தது இது. நான் அப்போது லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன், இப்போதும் அங்கேதான். வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் என் கண்ணில் படும். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னைக் கவனமில்லாதவள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

என் தங்கை வில்லரேயில், ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். புரோசார்ட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் டாப்லெட்டில் படம் கீறுவாள். அந்த வருடம் அவள் கீறியதெல்லாம் காகங்கள். கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் காகம், மெத்ரோ ரயில் கதவில் வால் அகப்பட்ட காகம், பால் பெட்டியோடு பனிக்கட்டியில் வழுக்கி விழும் காகம். பார்த்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. அவற்றை அவள் என்.எஃப்.டி. ஆக விற்கப் போவதாகச் சொன்னாள். கணினியில் இருக்கும் ஒரு படத்துக்கு 'இதன் சொந்தக்காரர் இவர்' என்று இணையத்தில் யாரும் அழிக்க முடியாதபடி ஒரு பதிவு. அந்தப் பதிவைத்தான் விற்பதும் வாங்குவதும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது.

படம் கீறுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஆட்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. இந்த வியாபாரத்தில் விற்பனை தொடங்குவதற்கு முன்பே ரசிகர் கூட்டம் ஒன்று காத்திருக்க வேண்டுமாம். அதற்காக இணையத்தில் ஒரு அரட்டை அறை திறந்து வைத்திருந்தாள். தினமும் காலையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்வாள், ஒரு காகத்தை அரைவாசி மட்டும் காட்டுவாள், போட்டி வைப்பாள், பரிசு கொடுப்பாள். அறையில் ஆட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஆனால் பேசுவார் யாரும் இல்லை. பேசிய ஒன்றிரண்டு பேரும் "உங்களுக்கு ஆயிரக்கணக்கில் ரசிகர்களைப் பிடித்துத் தருகிறோம்" என்று விலை பேச வந்தவர்கள். நானும் சேர்ந்து ஒவ்வொரு நாளும் "இன்றைய காகம் மிக நன்று" என்று முற்றுப்புள்ளியோடு எழுதினேன். அந்த அறையில் உயிருள்ள ஒரே ரசிகை நான்தான் என்று பின்னர் தெரிந்தது.

விற்பனைக்கு முந்திய வாரம் அவள் என் வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தாள்.

"அக்கா, கடையிலை என்னை முழுநேரமா வரச் சொல்லீட்டினம். சனி ஞாயிறும் நிக்க வேணுமாம். திங்கக்கிழமை பதில் சொல்லோணும்."

"பேந்து எப்ப நீ படம் கீறுறது?"

"அதுதான் சொல்லுறன். சனிக்கிழமை திறக்கேக்கை ஒரு சனமும் வரேல்லையெண்டால், நான் கீறுறதை விடுறன். சுவரோடை கதைச்சுக் களைச்சுப் போனன்."

அவள் சும்மா சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆறு வயதில் பாடப் புத்தகத்தின் ஓரமெல்லாம் கோழி கீறி அடி வாங்கியவள் அவள்.

நம்முடைய ஆட்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். இதெல்லாம் அவர்களுக்கு விளங்காது என்றாள். விளங்கும்படி தமிழில் ஒரு அறிவித்தல் எழுதித் தருகிறேன், தமிழ்க் கடைகளில் ஒட்டுவோம் என்றேன். "எதையாவது செய்யுங்கோ" என்று தன்னுடைய படம் ஒன்றையும் ஒரு காகத்தையும் அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ஆங்கிலச் சொல் ஒன்றும் கலக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். தலைப்பு, 'அறிவித்தல்'. விற்பனை தொடங்கும் நாளுக்கு வெறுமனே 'ஆரம்பம்' என்று போட மனம் வரவில்லை. யோசித்து 'மலர்வு' என்று போட்டேன். முடியும் நாளுக்கு 'உதிர்வு'. மலர்ந்தது உதிரத்தானே வேண்டும். இந்த வியாபாரக்காரர்கள் விற்பனையை 'டிராப்', அதாவது விழுதல், என்று வேறு சொல்கிறார்கள். அதற்கும் கிட்டத்தட்டப் பொருந்தி வந்ததில் எனக்குப் பெரிய திருப்தி. குறுகிய காலம் மட்டுமே விற்பனை என்பதைச் சொல்ல, 'குறுகிய காலமே நம்மோடு இருக்கும்' என்று ஒரு வரி. எப்படி முடிப்பது என்று யோசிக்கவே தேவைப்படவில்லை. 'இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று கை தானாகவே எழுதியது. அதன் கீழே 'தகவல்: அக்கா' என்று என் தொலைபேசி இலக்கம். மேலே நடுவில் தங்கையின் படம், பக்கத்தில் காகம். பிரிண்டரில் நிற மை முடிந்திருந்ததால் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். மூன்று தரம் சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

இலங்கைத் தமிழர்கள் இதற்குள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் அதைக் கொடுத்தேன். கடைக்கார அண்ணை மரவள்ளிக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்கி ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கவலைப்படாதையும், நல்ல இடமாப் பாத்து ஒட்டுறன்" என்றார். எவ்வளவு அன்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டே மெத்ரோ ஏறினேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் அழைப்பு வந்தது. கோயிலில் தேவாரம் பாடும் ஒரு அக்கா.

"பிள்ளை, கடையிலை பாத்தனான்," என்றார் மெல்லிய குரலில். "நம்பேலாமல் கிடக்கு."

"ஓம் அக்கா, எங்களுக்கும்தான். கன நாளா அதுக்காகத்தான் இருந்தவள்."

"கன நாளாவோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!" மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "எப்ப எடுக்கிறியள்?"

"சனிக்கிழமை காலமை தொடங்கினால் எடுக்கலாம் அக்கா."

"எங்கை?"

"இணையத்திலைதான்."

"என்ன பிள்ளை, கொரோனாக் காலம் முடிஞ்சுதுதானே? பேந்தும் ஏன் இணையத்திலை? ஒருக்கா முகம் பாக்க விடமாட்டியளோ?"

ஓவியர்கள் ரசிகர்களை நேரில் சந்திக்க வேண்டும் என்கிறார் என்று எனக்குப் பட்டது. நல்ல யோசனை. "வீட்டுக்கே வாங்கோவன் அக்கா, பின்னேரம் அவள் வீட்டிலைதான் இருப்பாள்," என்றேன். அவர் விம்மி அழுதுகொண்டு போனை வைத்தார். இவ்வளவு கலையார்வம் உள்ளவர் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு போன் ஓயவில்லை. எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எல்லோரும் எப்போது எடுப்பது என்று கேட்டார்கள். நான் எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். மாதக்கணக்கில் அவளால் சேர்க்க முடியாத கூட்டத்தை ஒரே ஒரு தாளால் சேர்த்துவிட்டேன் என்று கடிதங்களுக்கு நடுவே நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து வெளிக்கிடும்போது கடைக்கார அண்ணை எடுத்தார்.

"பிள்ளை, மலர்வளையம் நாங்கள் ஒண்டு சொல்லட்டோ? தங்கச்சி எங்கட கடைக்கு வந்து போன பிள்ளை."

"மலர்வளையம் ஏன் அண்ணை?"

"என்ன கேள்வி இது? செத்த வீட்டுக்கு வெறுங்கையோடையே வாறது?"

அப்போதுதான் அந்தத் தாள் முழுவதும் என் கண் முன்னால் வந்து நின்றது. எங்கள் ஊர்ப் பக்கத்து மரண அறிவித்தலில் பிறந்த நாளை 'மலர்வு' என்றும் இறந்த நாளை 'உதிர்வு' என்றும் போடுவார்கள். உற்றார் உறவினரும், தகவலும், கறுப்பு வெள்ளைப் படமும் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். நான் வாழ்நாளில் மிக அதிகமாகப் படித்த தமிழ் உரைநடை அதுதான்போல. திகதிகளை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் காகம் வேறு, பிதிர்களுக்குச் சோறு வாங்க வந்ததுபோல அவள் பக்கத்தில் நின்றது.

தங்கையின் போன் எடுபடவில்லை. வேலை நேரத்தில் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். மெத்ரோவின் மஞ்சள் கோட்டில் ஏறி, செம்மஞ்சள் கோட்டுக்கு மாறி, வில்லரே வந்து சேர்ந்தபோது அவளுடைய வீட்டின் வெளிப்படிக்கட்டு முழுவதும் ஆட்கள். ஆண்கள் தெருவில் கைகட்டி நின்றார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று இரண்டு பெண்கள் பெரிய சட்டிகளில் சோறும் கறியும் கொண்டு வந்திருந்தார்கள். நான் மேல்படியில் ஏறிச் சத்தமாகச் சொன்னேன்:

"ஒருத்தரும் அழாதேங்கோ. அவள் உயிரோடை இருக்கிறாள்!"

"ஓம் பிள்ளை," என்று தேவாரம் பாடும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். "எங்கட மனசுகளிலை எப்பவும் இருப்பா."

"அப்பிடி இல்லை அக்கா, உண்மையா இருக்கிறாள்!"

"பாவம், அக்காக்காறிக்கு இன்னும் விளங்கேல்லை. ஆராவது தேத்தண்ணி குடுங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த நேரத்தில் தெருமுனையில் தங்கை வந்தாள். தன் வீட்டு வாசலில் தெரிந்தவர்கள் எல்லோரும் வாடிய முகத்தோடு நிற்பதைப் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னை மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. கைப்பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா எங்கை? அக்காவுக்கு என்ன நடந்தது?"

எல்லோரும் அவளைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனார்கள். கடைக்கார அண்ணை மட்டும் முன்னால் வந்தார்.

"அக்காவுக்கு ஒண்டும் இல்லை. உமக்குத்தான் பிள்ளை."

யார் முதலில் சிரித்தது என்று எனக்குத் தெரியாது. படிக்கட்டு இரும்பு அதிர்ந்ததுதான் நினைவிருக்கிறது. கீழ்வீட்டுக் கியூபெக்கார அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே தானும் சிரித்தார். தங்கை என்னிடம் வந்து இறுக்கிப் பிடித்து, என் தோளில் ஒரு குத்துவிட்டாள்.

வந்தவர்கள் ஒருவரும் போகவில்லை. சோறு இருந்ததே. அந்தச் சின்ன வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். இனி உண்மையைச் சொல்லத்தானே வேண்டும் என்று தங்கை டாப்லெட்டை எடுத்தாள்.

"இதை வாங்கினால் கையிலை என்ன தருவீர்?" என்று கேட்டார் கடைக்கார அண்ணை.

"கையிலை ஒண்டும் இல்லை அண்ணை. உங்கட பேரிலை ஒரு பதிவு இருக்கும். காணி உறுதிப் பத்திரம் மாதிரி."

"காணி எங்கை?"

"காணி இல்லை. உறுதி மட்டும்தான்."

"காணி இல்லாத உறுதி எங்களிட்டை ஏற்கனவே கனக்கக் கிடக்குப் பிள்ளை!"

யுத்தத்தில் ஊர்க் காணியை இழந்து, உறுதியோடு மட்டும் வந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள். மறுபடியும் வீடு அதிர்ந்தது. ஆனால் காகங்களைக் காட்டத் தொடங்கியதும் சத்தம் வேறு மாதிரி ஆனது. டாப்லெட் கைக்குக் கை போனது. பால் பெட்டியோடு வழுக்கி விழும் காகத்தைப் பார்த்து ஒரு பெண், "இது என்ர மனுசன்தான்! போன மாசம் உப்பிடித்தான் விழுந்தவர்," என்று கத்தினார். மனுசன் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு மட்டும் சரியில்லை," என்றார். தேவாரம் பாடும் அக்கா பஸ்ஸுக்கு நிற்கும் காகத்தில் நீண்ட நேரம் நின்றார். "நான் இஞ்சை வந்த முதல் குளிருக்கு இப்பிடித்தான் நிண்டனான். உமக்கு என்னெண்டு தெரியும்?" என்று கேட்டார். தங்கையிடம் ஒரு படத்தைப் பற்றி இப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை காலை அரட்டை அறை தமிழால் நிரம்பியது. அன்று வந்தவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, அறையில் சேரவும் வாங்கவும் வேண்டியதையெல்லாம் செய்வித்திருந்தார்கள். "நாங்கள் வந்திட்டம்", "ஆள் சுகமோ?", "பஸ் காகம் எனக்கு, ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று வரி வரியாக ஓடின. அமெரிக்காவிலிருந்து ஒருவர், இங்கே என்ன நடக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். காகங்கள் எல்லாம் விற்றுப் போகவில்லை. அரைவாசிகூடப் போகவில்லை. ஆனால் அன்று முழுவதும் தங்கை சுவரோடு பேசவில்லை. திங்கட்கிழமை கடையில், சனி ஞாயிறு வர முடியாது என்று சொல்லிவிட்டாள்.

என்.எஃப்.டி. மோகம் பிறகு அடங்கிவிட்டது. அவள் இப்போது கடதாசியில் அச்சடித்து விற்கிறாள். வாங்குபவர்கள் பெரும்பாலும் அன்று அழ வந்தவர்களும் அவர்கள் கூட்டி வந்தவர்களும்தான். ஒருவர் செத்துப்போனால் ஊருக்கு எப்படிச் சொல்வது என்று எங்களுக்கு வார்த்தைக்கு வார்த்தை தெரிந்திருக்கிறது, அதைக் கேட்டதும் சட்டியோடு ஓடி வரவும் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கும் ஒருத்தி நல்லதாக ஒன்று செய்திருக்கிறாள் என்றால் மட்டும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்கிறோம் என்பதை அன்று கண்டுகொண்டேன், அதனால் இப்போதெல்லாம் யாராவது எதையாவது அழகாகச் செய்திருப்பதாகத் தெரிந்தால் போனை எடுத்து, குரலைத் தாழ்த்தாமல், தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.